மக்கர் பண்ணும்போது கைகொடுப்பது எது? உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. வேலூரில் காந்தி நகர் தொடங்கி பாகாயம் வரை, படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்படிப்பட்ட மெஷின்கள் நிறைய. “லினக்ஸ் போடலாம் சரி, எதைப் போடறது?” என்பதுதான் அடுத்த கேள்வி. லினக்ஸ், விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் (ஓஎஸ்). உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா நான்கும் அதன் வெவ்வேறு வடிவங்கள்.

எது அழகு, எது வேகம் என்று ஒப்பிட்டு ஏராளமாக எழுதியாகிவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வைஃபை வரவில்லை, அப்டேட் போட்டதும் ஸ்கிரீன் கருப்பாகிவிட்டது, பிரின்டர் பேசாமல் நிற்கிறது. லினக்ஸ் தெரிந்தவர் பக்கத்தில் யாருமில்லாத ஒரு குடியாத்தம் வீட்டில், அந்த மெஷினை வைத்திருப்பவரே அதை மீட்டுக்கொள்ள முடியுமா? இந்த அளவுகோலில் நான்கும் சமமில்லை. பழைய லேப்டாப், புதிய ஆள் என்றால் என் ஓட்டு மின்ட்டுக்குத்தான்.

அதற்கு முன்னால் ஒன்று. சில கோளாறுகள் எந்த லினக்ஸுக்கு மாறினாலும் போகாது. அக்னி நட்சத்திர நாட்களில் மதியம் மட்டும் உறைந்து நிற்கும் லேப்டாப் என்றால், ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா, தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். ‘சென்சார்ஸ்’ (sensors) கட்டளை பிராசசர் சூட்டைக் காட்டும். சும்மா இருக்கும்போதே 90 டிகிரியைத் தொட்டால் ஓஎஸ்ஸைத் திட்டிப் பயனில்லை. ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் ‘பெண்டிங் செக்டார்’ (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் பகுதிகள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், வேறு எதைத் தொடுவதற்கும் முன் ஃபைல்களை வெளியே காப்பி எடுத்துவிடுங்கள். டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யாமல், பென் டிரைவிலிருந்தே லைவாக பூட் செய்து பார்ப்பதும் நல்ல சோதனை. அதிலும் மெஷின் உறைந்தால் ஹார்ட்வேர் பக்கம் போங்கள். அதில் ஒழுங்காக ஓடினால், டிஸ்க்கிலோ அதில் போட்டிருக்கும் சிஸ்டத்திலோதான் வில்லங்கம்.

இப்போது வைஃபை. பழைய லேப்டாப்புகளில் பரவலாக இருக்கும் பிராட்காம் 43142 வைஃபை சிப்புக்கு, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலோடு டிரைவர் வருவதில்லை. தனியாகப் போட வேண்டும். நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க நெட் வேண்டும் என்ற சிக்கல் இங்கேதான். மின்ட் இதை யோசித்து வைத்திருக்கிறது: இன்ஸ்டால் செய்த பென் டிரைவைச் செருகிவிட்டு டிரைவர் மேனேஜரைத் திறந்தால், நெட் இல்லாமலே அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் இன்ஸ்டால் செய்யும்போதே மூன்றாம் தரப்பு டிரைவர்களுக்கான டிக்கைப் போட்டால் வேலை எளிது. டெபியன் 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேரை (சாதனத்துக்குள் ஓடும் சிறு மென்பொருளை) இன்ஸ்டாலரிலேயே சேர்த்தது பெரிய நிம்மதி. ஆனாலும் இந்த சிப்பின் டிரைவரைத் தனியாகப் போட்டே ஆக வேண்டும். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற தனி மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்த பிறகுதான் கிடைக்கும். எதுவாக இருந்தாலும் ஆண்ட்ராய்டு போனை கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் உடனே நெட் வந்துவிடும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் லினக்ஸைக் கைவிட்டவர்கள் உண்டு என்பதுதான் எனக்கு வருத்தம்.

செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பமில்லாத மென்பொருளை பூட்டின்போது தடுக்கும் அமைப்பு) ஆனில் இருந்தால் இன்னொரு இடத்தில் கவனம் வேண்டும். உபுண்டுவிலும் மின்ட்டிலும் இந்த டிரைவரைப் போடும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் நீல நிறத் திரை வரும். அதில் ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் ‘கன்டினியூ பூட்’ அழுத்திவிட்டால் டிரைவர் இருந்தும் வேலை செய்யாது.

அப்டேட் கெடுத்துவிட்டால்? மின்ட் மற்றவற்றைவிட முன்னால் நிற்பது இங்கேதான். சிஸ்டத்தின் அன்றைய நிலையை ‘ஸ்னாப்ஷாட்’ ஆகச் சேமித்து, பிறகு அதற்கே திரும்ப வைக்கும் டைம்ஷிஃப்ட் கருவி அதில் முன்கூட்டியே இருக்கிறது. முதல் நாளே வரவேற்புத் திரையிலிருந்து அதைத் திறந்து, வாரம் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கச் சொல்லி வைத்துவிட வேண்டும். பிறகு சிஸ்டம் பூட்டே ஆகாவிட்டாலும், லைவ் பென் டிரைவில் ஏறி, டைம்ஷிஃப்ட்டைத் திறந்து, பழைய தேதியைச் சொடுக்கினால் போதும். கட்டளை அடிக்கிற டெர்மினல் பக்கமே போக வேண்டாம். உங்கள் போட்டோக்களையும் ஃபைல்களையும் அது வழக்கமாகச் சேர்ப்பதில்லை. அவற்றுக்குத் தனி பேக்கப் தேவை. உபுண்டுவிலும் டெபியனிலும் டைம்ஷிஃப்டை நாமே போட்டுக்கொள்ளலாம். ஆனால் சிக்கல் வந்த பிறகுதான் பலருக்கும் அந்த ஞாபகமே வருகிறது.

ஃபெடோராவில் புதிய கெர்னல்கள் அடிக்கடி வரும். என்விடியா கார்டு உள்ளவர்கள் அப்டேட் முடிந்த கையோடு ரீஸ்டார்ட் செய்தால், புதிய கெர்னலுக்கான டிரைவர் உருவாகி முடிவதற்குள் மெஷின் அணைந்து, கருப்புத் திரையில் போய் நிற்கக்கூடும். சில நிமிடம் பொறுத்தால் போதும். மாட்டிக்கொண்டால் பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமாக மூன்று கெர்னல்களை அது வைத்திருக்கும்.

அப்புறம் கரண்ட். பேட்டரி செத்த லேப்டாப்பில் மின்சாரம் போய் வந்தால், கருப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சொல் அடைப்புக்குறிக்குள் நின்று பயமுறுத்தலாம். எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) உள்ள உபுண்டு, மின்ட், டெபியனில், போனில் ஒருவர் சொல்லச் சொல்ல இதைச் சரிசெய்துவிடலாம். எந்தப் பகுதியைச் சரிபார்க்க வேண்டும் என்று பெரும்பாலும் அந்தத் திரையே சொல்லும். ‘எஃப்எஸ்சிகே’ (fsck) என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு அந்தப் பெயரைக் கொடுத்து, கேட்கும் கேள்விகளுக்கு ‘ஒய்’ சொல்லி, கடைசியில் ‘எக்ஸிட்’ (exit) அடித்தால் பெரும்பாலும் பூட் ஆகிவிடும். ஃபெடோரா 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து பிடிஆர்எஃப்எஸ் என்ற வேறு ஃபைல் சிஸ்டத்துக்கு மாறிவிட்டது. தரவு கெட்டால் கண்டுபிடிப்பதில் அது கெட்டி. ஆனால் அதன் ரிப்பேர் கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் நிலைமை மோசமாகலாம். போனில் சொல்லித் தீர்க்கிற வேலை இல்லை அது.

பிரின்டரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் பக்கமுள்ள ஜெராக்ஸ் கடைகள் மாதிரியான இடங்களில் ஓடும் எச்பி லேசர்ஜெட் 1020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் போட்டதும் கம்ப்யூட்டர்தான் அதற்கு ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டும். எச்பி பிரின்டர்களை லினக்ஸில் ஓட்டும் எச்பிலிப் மென்பொருளோடு ஒரு பிளகினும் (கூடுதல் இணைப்பு) தேவை. இரண்டின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். எச்பிலிப் புதுப்பிக்கப்பட்டால் பிளகினை மறுபடி இறக்க வேண்டும். நேற்று ஓடிய பிரின்டர் இன்று நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டெபியன் ஒரு பதிப்பின் ஆயுள் முழுக்க மென்பொருள்களின் பதிப்பு எண்களைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. அதனால் காலையில் கூட்டம் நிற்கும் கடைக்கு டெபியன்தான் என் தேர்வு. கேனான் எல்பிபி 2900 இருந்தால் மட்டும், லினக்ஸுக்கு மாறும் முன் ஒரு லைவ் பென் டிரைவில் பிரின்ட் எடுத்துப் பார்த்துவிடுங்கள். அது எல்லாவற்றிலும் பிடிவாதம் பிடிக்கும் பிரின்டர்.

டெபியன் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிதும் இல்லை. 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு வந்த பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனிலிருந்து உருவாக்கியதுதான். 2 ஜிபி ராம் உள்ள மெஷினில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்போடு டெபியன் இன்றும் ஓடும். 32-பிட் மெஷினென்றால் 12-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த 13-க்கு 32-பிட் இன்டெல் இன்ஸ்டாலர் கிடையாது.

உபுண்டு 24.04 மோசமில்லை, 2029 வரை ஆதரவு உண்டு. மின்ட் 22-ம் அதன் மேல்தான் நிற்கிறது, அதனால் உபுண்டுவுக்குச் சொல்லப்படும் தீர்வுகளில் பெரும்பாலானவை அதிலும் பலிக்கும். உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ், தேவையானதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிய ஸ்னாப் வடிவில் வருகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது முதல்முறை திறக்க எடுக்கும் நேரம் பொறுமையைச் சோதிக்கும்.

விஐடியில் சேர்ந்து, இந்த வருட மாடல் லேப்டாப்போடு வருகிற மாணவருக்கு ஃபெடோராவைச் சொல்வேன். மின்ட்டின் லைவ் பென் டிரைவில் வைஃபையோ டச்பேடோ வேலை செய்யாமல், ஃபெடோராவில் செய்தால், மின்ட்டின் கெர்னல் பழசு என்பதுதான் பெரும்பாலும் காரணம். ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய 13 மாதம்தான் ஆதரவு என்பதால், செமஸ்டர் லீவில் அப்கிரேடுக்கு ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள்.