தெமட்டகொடை மாடித் தேநீர்க்கடை: தேநீர் சுமார், சரக்குக் கோச்சி பிரமாதம்

தெமட்டகொடைப் புகையிரத நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு தேநீர்க்கடையின் மேல்மாடியில் ஆறு மேசைகள் இருக்கின்றன. அவற்றுள் தண்டவாளத்தை நோக்கிய யன்னலோரம் கிடப்பவை இரண்டு மட்டுமே. இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த இரண்டு மேசைகளையும், அங்கிருந்து தெரியும் கோச்சிகளையும், அதாவது புகையிரதங்களையும் பற்றியது.

உணவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளேன் டீ நன்றாக இருக்கிறது. பால் தேநீரில் சீனி தூக்கல். முட்டை ரொட்டி சுடச்சுட வந்தால் சாப்பிடலாம், ஆறிவிட்டால் வேண்டாம். ஒருமுறை நான் சொல்லிய பணிஸ் முக்கால் மணிநேரமாகியும் வரவில்லை. கடைக்கார நானாவிடம் கேட்டபோது, "தம்பி கோச்சி பார்க்கத்தானே வந்தீங்க, அவசரமில்லை என்று நினைத்தேன்" என்றார். அவர் நினைத்தது பிழையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த யன்னலின் பெறுமதி கொலன்னாவையில் தொடங்குகிறது. சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குழாய்வழியே வரும் எரிபொருள் கொலன்னாவைக் களஞ்சியத்தில் தாங்கி வண்டிகளில் நிரப்பப்பட்டு, கிளைப்பாதை வழியாகப் பிரதான பாதைக்கு வந்து சேர்கிறது. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கான விமான எரிபொருளும், மலையகத்துக்காகக் கொட்டகலைக்குப் போகும் எரிபொருளும், மட்டக்களப்புக்குப் போவதும் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. 2024 ஒக்டோபரில் மின்னேரியாப் பகுதியில் யானைகளுடன் மோதித் தடம்புரண்ட எரிபொருள் புகையிரதமும் கொலன்னாவையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் சென்றதே. அந்தச் செய்தியைப் படித்த பிறகு, இந்தக் கறுத்த தாங்கிகள் எத்தனை காடுகளைக் கடந்து போகவேண்டும் என்ற நினைவில்லாமல் என்னால் அவற்றை எண்ண முடிவதில்லை. கடந்த சனிக்கிழமை எண்ணியது பதினான்கு.

இழுத்து வரும் என்ஜின் எதுவென்று ஊகிப்பது தனிச் சுவை. வாரணாசியில் தயாராகி 1990களில் வந்த எம்8 என்றால் மேசையில் இருக்கும் கண்ணாடித் தம்ளர் முதலில் அறிந்துகொள்ளும். கொழும்புத் திட்டம் என்ற சர்வதேச உதவித் திட்டத்தின்கீழ் 1954 முதல் கனடாவிலிருந்து வந்த எம்2 வகையில் ஒன்று கடந்துபோனால் நாள் நிறைந்துவிடும். அவற்றுள் சிலவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன என்பது பக்கத்து மேசைக்காரரிடம் பேச்சுத் தொடங்கப் போதுமான காரணம்.

ஆனால் இங்கே உட்கார்ந்து உண்மையில் கற்றுக்கொள்ளக்கூடியது பாதை விரிவாக்கம் எதற்காக என்பதைத்தான். காலை அலுவலக நேரத்தில் பயணிகள் வண்டிகள் நெருக்கமாக வந்துகொண்டிருக்கும்போது, மெதுவாகச் செல்லும் சரக்கு வண்டி சமிக்ஞைக்காக ஓரமாகக் காத்து நிற்கிறது. ராகம வரை இரண்டுக்கு மேற்பட்ட பாதைகள் இருப்பதால் அதற்கு ஒதுங்க இடமாவது கிடைக்கிறது. அதற்கப்பால் இரட்டைப் பாதை, ரம்புக்கனையைத் தாண்டினால் மலையேறும் ஒற்றைப் பாதை என்று வழி குறுகிக்கொண்டே போகும்போது, ஒரு தாங்கி வண்டியின் தாமதம் எதிரே வரும் பயணிகள் வண்டியின் தாமதமாகவும் மாறிவிடுகிறது. 1864 டிசம்பர் 27ஆம் திகதி அம்பேபுஸ்ஸ வரையான 54 கிலோமீற்றரில் முதல் வண்டி ஓடிய பாதை இது. அருகே இன்னொரு தண்டவாளம் போடுவது பொறியியல் வேலை மட்டுமன்று, அங்கே வீடு கட்டியிருப்பவர்களுக்கு மாற்று இடம் தேடும் வேலையும்கூட என்பது இந்த யன்னலிலிருந்து துணி காயப்போட்ட கயிறுகளைப் பார்த்தாலே விளங்கும். மருதானையில் பிரிந்து அவிசாவளைக்குப் போகும் களனிவெளிப் பாதையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டபோதும் பழைய குறுகிய பாதையின் கூர்மையான வளைவுகள் அப்படியே தங்கிவிட்டன.

தண்டவாளத்தில் இறங்கி நின்று கைப்பேசியில் படமெடுப்பவர்கள் இந்த மாடிக்கு வரலாம். பார்வை அதைவிட நன்றாக இருக்கும், உயிருக்கும் ஆபத்தில்லை. கண்ணாடியில் பல வருட அழுக்கு இருப்பதால் யன்னலைத் திறந்துவிடும்படி கேட்க வேண்டும். கேட்டால் திறப்பார்கள்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆவுக்காகக் கடை மூடியிருக்கும். மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடியும் ஒரு பக்கம்தான். முழங்கால் வலியுள்ளவர்கள் கீழ்த்தளத்தில் அமர்ந்தால் கோச்சியின் சத்தம் கேட்கும், ஆனால் பார்க்கக் கிடைப்பது அடுத்த வீட்டுச் சுவர்.