அமைச்சர்களின் பேச்சுவார்த்தையா, பதிவுச் சான்றிதழா?

ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தை நிர்வாகம் அங்கீகரிக்க வேண்டும் என்று போராடிய விஷயத்தில் தமிழக அரசின் கையில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அமைச்சர்கள் உட்கார்ந்து இரு தரப்பையும் பேச வைப்பது. 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் நீடித்த வேலைநிறுத்தம் அப்படித்தான் முடிந்தது. ஆனால் சங்கத்தின் அங்கீகாரம் தொங்கலிலேயே நின்றது, நடுவில் தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்த பந்தலைப் போலீஸ் பிரித்துப் போட்டதையும் என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொன்று, அப்போது அமலில் இருந்த 1926 தொழிற்சங்கச் சட்டப்படி சங்கத்தைப் பதிவு செய்வது. இதற்கு நிறுவனத்தின் சம்மதமே தேவையில்லை, தொழிலாளர் துறையின் கையெழுத்து போதும். விண்ணப்பம் வேலைநிறுத்தத்துக்கு முன்பே போயிருந்தும், உயர் நீதிமன்றம் வரை அலைந்து 2025 ஜனவரியில்தான் அது கிடைத்தது.

அவசரத்துக்குப் பேச்சு உதவும், சரி. என்னைக் கேட்டால் பதிவை முதலிலேயே முடித்திருக்க வேண்டும். பதிவு எண் கையில் இருக்கும் சங்கத்தை வெளியாட்கள் என்று தள்ளிவைப்பது நிர்வாகத்துக்கு அவ்வளவு சுலபமில்லை.