டாட் இன்னா, .இந்தியாவா?

இணையதள முகவரி வாங்கும்போது கடைசியில் எது வேண்டும், டாட் இன்னா, .இந்தியாவா? முதலில் டாட் இன் (இந்தியா), டாட் எல்கே (இலங்கை), டாட் எஸ்ஜி (சிங்கப்பூர்). இந்த இரண்டெழுத்துப் பின்னொட்டுகள் அந்தந்த நாடுகள் ஆசைப்பட்டு எடுத்தவை அல்ல. ஐஎஸ்ஓ 3166 என்ற உலகத் தரப் பட்டியலில் நாட்டுக்கு என்ன குறியீடோ அதுதான் இணையத்திலும். எது நாடு, எது நாடில்லை என்று தீர்மானிப்பது எங்கள் வேலையல்ல என்று அப்போது இணையப் பெயர்களை நிர்வகித்த ஜான் போஸ்டல் 1994-லேயே எழுதிவைத்துவிட்டார். பிரிட்டன் ஒரு விலக்கு: பட்டியலில் ஜிபி, இணையத்தில் யூகே.

டாட் காம் போல நாடு சாராத பொதுப் பின்னொட்டை ஆங்கிலத்தில் புதிதாக உருவாக்கக் குறைந்தது மூன்று எழுத்து வேண்டும். எண்ணும் இடைக்கோடும் கூடாது. 2012-இல் அப்படி ஒரு பின்னொட்டுக்கு விண்ணப்பிக்கவே 1,85,000 டாலர் என்பதால் நமக்கு அது எட்டாத பேச்சு.

சரி, தமிழுக்கு வருவோம். .இலங்கை 2010-லும், .சிங்கப்பூர், .இந்தியா இரண்டும் 2011-லும் வந்தன. இங்கே ஐஎஸ்ஓ குறியீடு அளவுகோல் அல்ல. நாட்டின் பெயரோ எல்லோரும் அறிந்த அதன் சுருக்கமோ அந்த மொழியில் பொருள்பட இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. எஸ்ஜி என்றால் என்ன என்று பாட்டிக்கு விளக்க வேண்டும், சிங்கப்பூருக்கு விளக்கம் எதற்கு?

ஆனால் முகவரியைப் பார்த்துத் தளம் இருக்கும் கணினியைக் கண்டுபிடித்துத் தரும் டிஎன்எஸ் அமைப்புக்குத் தமிழ் தெரியாது. பெயரை ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றி, முன்னால் 'எக்ஸ்என்' என்பதையும் இரண்டு இடைக்கோடுகளையும் ஒட்டித்தான் கொடுக்க வேண்டும். 'சிங்கப்பூர்' நமக்கு 6 எழுத்து, கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடில் 11 குறி, டிஎன்எஸ்ஸில் 22. முகவரியில் புள்ளிகளுக்கு இடையே வரும் ஒரு துண்டுக்கு 63 வரை இடமுண்டு, அதனால் நீளம் பிரச்சினையில்லை. முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது சில சமயம் அந்த 22 எழுத்துக் கோவை வந்து விழுகிறதே, அதுதான் வலிக்கிறது.

இன்னொன்று, புள்ளிக்கு முன்னால் வரும் பெயர். 'கொ'வைக் கெகரமும் காலுமாகத் தட்டினாலும் கணினி ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். 'கௌரி' அப்படியல்ல. கெ, ள என்று தட்டினால் கண்ணுக்கு அதே கௌரி, டிஎன்எஸ்ஸுக்கு வேறு ஆள். பெயர்களைப் பதிந்து வைக்கும் பதிவகம் தடுக்காவிட்டால் அந்தப் பெயரை யாரும் வாங்கிவிடலாம். டாட் இன்னில் ஆங்கிலத்தில் பதிந்தால் இந்தக் கவலை இல்லை.

மின்னஞ்சலுக்கு இப்போதைக்கு டாட் இன்தான். தமிழ் முகவரியைக் கொடுத்தால் பல படிவங்கள் பிழை என்கின்றன. கடைப் பலகைக்கும் அழைப்பிதழுக்கும் தயங்காமல் .இந்தியா. இரண்டையும் வாங்கி ஒரே தளத்துக்குத் திருப்பிவிடலாம். பெயரில் ஔகாரம் இருந்தால் அந்த 'கெள' வடிவமும் கிடைக்கிறதா என்று பதிவகத்தில் கேட்டு, கிடைத்தால் சேர்த்தே பதிந்துவிடுங்கள்.