15 என்று ஒட்டி விற்ற 9.9: பாவித்த போட் எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

கொழும்பில் பாவித்த அவுட்போர்ட் எஞ்சின் (போட்டின் பின்னால் மாட்டும் எஞ்சின்) தேடுகிறவர்கள் காசை எண்ணிக் கொடுக்கமுன் இதை வாசித்துவிடுங்கள். 14 அடி ஃபைபர் போட்டுக்கு ஃபோர் ஸ்ட்ரோக் (எண்ணெய் தனியாக நிற்கும் எஞ்சின்) கேட்டுப் போன எங்களிடம், "அதுக்கு இங்க பார்ட்ஸ் இல்ல, மெக்கானிக் பாஸ்மாரும் தொடமாட்டாங்க" என்று சொல்லி, ரீகண்டிஷன் 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் (பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஓடுவது) ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார் கடைக்காரர். கழற்றிப் பார்த்தால் அது 9.9 குதிரைவலு. கியருக்குள் தண்ணீர் வேறு. திருப்பிக் கொண்டுபோனபோது பற்றுச்சீட்டைக் காட்டச் சொன்னார். அதில் "போட் எஞ்சின் 1" என்பதற்கு மேல் ஒரு எழுத்தும் இல்லை.

இந்த ஏமாற்று இவ்வளவு சுலபமாக நடப்பதற்குக் காரணம் உண்டு. யமஹாவின் 9.9, 15 டூ ஸ்ட்ரோக் இரண்டுக்கும் 246 சிசி பிளொக்தான் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடல்). கார்பரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) போன்ற சில பாகங்களில்தான் வித்தியாசம். மூடியைப் போட்டு ஸ்டிக்கரை மாற்றிவிட்டால் வெளியில் எதுவும் தெரியாது. ஆகவே ஸ்டிக்கரை விட்டுவிட்டு, போட்டில் மாட்டும் பிராக்கெட்டில் உள்ள தகட்டைப் பாருங்கள். மாடலும் தொடர் இலக்கமும் அதில் இருக்கும். தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளையும் உற்றுப் பாருங்கள். நாங்கள் வாங்கியதில் ஒன்று உப்புப் பிடித்துச் சாம்பல் நிறம், மற்றது பளபளவென்று புதிது, அதன் விளிம்புக்கு அடியில் பெயின்ற் வழிந்து காய்ந்திருந்தது. அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். கடைசியில் கார்பரேட்டரில் பதிந்திருந்த இலக்கத்தை உதிரிப்பாகப் பட்டியலோடு ஒப்பிட்டபோதுதான் உண்மை வெளிவந்தது.

மாடல் எழுத்துகளைத் தெரிந்து வைத்திருந்தால் பாதிப் பொய் அடிபட்டுப் போகும். யமஹாவில் எஃப் (F) என்று தொடங்கினால் ஃபோர் ஸ்ட்ரோக். சுசுகியில் டிஎஃப் (DF) ஃபோர், டிடி (DT) டூ. டொஹாட்சுவில் எம்எஃப்எஸ் (MFS) ஃபோர். யமஹா ஈகே (EK) என்றால் மண்ணெண்ணெய் எஞ்சின்: பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) குறைவு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. ஆகவே இன்றைய விலையைப் பார்க்காமல் அதை மலிவு என்று நினைத்து வாங்காதீர்கள்.

சோதனைக்குப் போனால் முதலில் சிலிண்டர் தலையில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். ஆறட்டும் என்று சொல்லிக் காத்திருங்கள். பிறகு இரண்டு ஸ்பார்க் ப்ளக்கையும் கழற்றி, வயர்களை பிளொக்கில் எர்த் பண்ணி, த்ரொட்டிலை முழுதாகத் திறந்து, கம்ப்ரஷன் கேஜைப் பூட்டிக் கயிற்றை ஐந்தாறு தடவை பலமாக இழுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் இடையில் 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கலாம் அல்லது சிலிண்டர் கீறியிருக்கலாம். ப்ளக் துவாரத்தால் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினால் கேஜ் சிறிது நேரம் நல்லாக் காட்டும், இதையும் செய்வார்கள். கழற்றிய ப்ளக் எண்ணெயில் நனைந்திருந்தால் துடைத்துவிட்டு, எஞ்சினை ஓடவைத்து ஆறவிட்டு மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள்.

கியர் எண்ணெய்க்கு, கீழ் ஸ்குரூவை மட்டும் கொஞ்சம் தளர்த்தினால் போதும். முதலில் தண்ணீர் சொட்டினாலோ எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் வந்தாலோ சீல் போய்விட்டது. ஓடும்போது பின்பக்கத்தால் நீர்த்தாரை சீராக அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் உப்புக்கட்டி அடைத்திருக்கலாம், குளிரூட்டும் தண்ணீரை இழுக்கும் ரப்பர் இம்பெலர் தேய்ந்திருக்கலாம். முதலாவது ஒரு கம்பியால் சரியாகிவிடும். இரண்டாவதைக் கவனிக்காமல் ஓடினால் எஞ்சினே சூடேறி இறுகிவிடும்.

ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணமும் அளவுக்கு மேல் எண்ணெய்யும் இருந்தால் எரியாத பெற்றோல் கீழே இறங்குகிறது.

எது வாங்குவது என்ற கேள்விக்கு எங்கள் பதில், உங்கள் போட்டின் பின்பலகையையும் நீங்கள் ஓடும் தண்ணீரையும் பொறுத்தது. யமஹாவின் 15 குதிரைவலுவில் டூ ஸ்ட்ரோக் சுமார் 36 கிலோ, ஃபோர் ஸ்ட்ரோக் 50ஐத் தாண்டும். பின்னால் ஓட்டுபவரும் பெற்றோல் டாங்கியும் இருக்கும்போது சின்னப் போட்டுக்கு இந்த 15 கிலோ பெரிய வித்தியாசம். முகத்துவாரத்தில் களனி ஆறு கடலோடு சேரும் இடத்தில் பின்னாலிருந்து அலை வந்தால், தாழ்ந்த பின்பக்கத்தால்தான் தண்ணீர் ஏறும். கரையிலிருந்து தள்ளி இறக்கி, ஒவ்வொரு நாளும் எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்குபவர்களுக்கும் டூ ஸ்ட்ரோக்தான் வசதி. பொல்கொடை ஏரியில் மெதுவாக ஓடித் தூண்டில் போடுவதென்றால் ஃபோர் ஸ்ட்ரோக்கை விடாதீர்கள். புகை இல்லை, பெற்றோல் மிச்சம், மணிக்கணக்காக ஐட்லில் ஓடினாலும் டூ ஸ்ட்ரோக் போல ப்ளக் அடைக்காது. பார்ட்ஸ் கிடைக்காது என்று எங்களுக்குச் சொன்னது, கையில் இருந்த சரக்கைத் தள்ளிவிடச் சொன்ன கதை. ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக்கை வாகனத்தில் படுக்கவைக்கும்போது கையேட்டில் சொன்ன பக்கமாக மட்டும் படுக்கவையுங்கள். தவறான பக்கம் கிடந்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கும்.

அதே கடையில் மோட்டார் சைக்கிள் டூ-டி (2T) எண்ணெயையும் கொடுத்துவிட்டார்கள். அதை ஊற்றாதீர்கள். அது காற்றால் குளிரும் எஞ்சினுக்கானது, சாம்பல் படிந்து ரிங்கை ஒட்டவைக்கும். போத்தலில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று இருக்க வேண்டும், அதுதான் தண்ணீரால் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான தரம். கையேடு 50க்கு 1 என்று சொல்லும் எஞ்சினுக்கு 20 லீற்றர் பெற்றோலுக்கு 400 மில்லி.

பற்றுச்சீட்டில் மாடல், தொடர் இலக்கம், குதிரைவலு, ஷாஃப்ட் நீளம் (எஞ்சினின் கால் 15 அங்குலமா 20 அங்குலமா) நான்கையும் உங்கள் கண்முன் எழுதுவியுங்கள். தகட்டையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். எழுத மறுத்தால் வாங்க வேண்டாம். வாங்கியபின் பிரச்சினை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைக்கலாம். அப்போது இந்தச் சீட்டு கையில் இருக்க வேண்டும்.