போனைத் தூக்கினால் ஆள் வந்துவிடுகிறார்: எங்கள் எல்லைப் பக்கத்துத் தியேட்டர் ஒன்று

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் இருக்கிற எங்களுக்குப் படம் பார்க்க இரண்டே வழிதான். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் இங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நான் இப்போதெல்லாம் இங்கே இருக்கிற இரண்டு திரைத் தியேட்டருக்குத்தான் போகிறேன், எது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சவுண்ட், சீட், பாப்கார்ன் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது வேறு. திரையில் ஓடும் படத்தைத் திருட்டுத்தனமாக போனில் பிடிப்பதைத் தடுக்க இவர்கள் எடுக்கிற சிரத்தையை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை, அதுவும் டிக்கெட் வாங்கி வருகிற ஆளைத் திருடன் மாதிரி நடத்தாமல்.

வேறொரு ஊரில் ஒரு பெரிய தியேட்டரில் இதே காரணத்தைச் சொல்லி என் அம்மாவின் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். மாத்திரை டப்பா, கண்ணாடிக் கூடு எல்லாம் மேஜை மேல். அத்தனையும் பார்த்துவிட்டுக் கையில் இருந்த போனை மட்டும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே விட்டார்கள். படம் பிடிப்பது அந்த போனில்தானே! அங்கே தேடியது முறுக்குப் பொட்டலத்தைத்தான், அதை வாசலில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இங்கே வாசலில் பையைத் தொடுவதில்லை. மலையாளத்திலும் தமிழிலும் ஒரு அறிவிப்புப் பலகை, படம் தொடங்கும் முன் திரையில் ஒரு ஸ்லைடு. 2023-ல் திருத்திய சினிமாட்டோகிராஃப் சட்டத்தின்படி என்ன தண்டனை என்று அதில் இருக்கிறது: குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 வருடம் சிறை, அபராதம் 3 லட்ச ரூபாயில் ஆரம்பித்துப் படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். பெரிய படத்துக்கு அந்த 5 சதவீதம் எத்தனை கோடி என்று யோசித்துப் பாருங்கள். எழுத்து பெரிதாக இருக்கிறது, படித்து முடிக்கிற அளவு நேரமும் நிற்கிறது. மற்ற இடங்களில் புகையிலை எதிர்ப்பு விளம்பரத்துக்கு நடுவே கண் சிமிட்டுவதற்குள் போய்விடும்.

ஆனால் உண்மையான வேலை விளக்கு அணைந்த பிறகுதான். பெரும்பாலான தியேட்டர்களில் ஆள் வந்து பார்த்தாலும் பின் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இங்கே ஒருவர் திரைக்குப் பக்கத்தில், எமர்ஜென்சி வாசல் ஓரமாக, எங்களைப் பார்த்தபடி நிற்கிறார். ஏன் அங்கே என்று இடைவேளையில் கேட்டேன். பின்னாலிருந்து பார்த்தால் தலைதான் தெரியுமாம், போன் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாதாம். முன்னாலிருந்து பார்த்தால் மடியும் கையும் தெரியும், ஒரே உயரத்தில் அசையாமல் இருக்கிற போன் தெரியும், திரையில் வெள்ளைக் காட்சி வரும்போது அதன் லென்ஸ் ஒரு பொட்டு போல மின்னும். நடு வரிசைகளைத்தான் அதிகம் பார்ப்பாராம், படம் கோணாமல் நேராக விழுவது அங்கேதான். கையில் இருக்கிற டார்ச்சின் கண்ணாடியில் சிவப்பு ஜிகினாப் பேப்பரை ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருக்கிறார், அடித்தால் யார் கண்ணும் கூசாது.

நான் பார்த்த ஒரு காட்சியில் ஹீரோ என்ட்ரிக்கு எனக்கு முன் வரிசைப் பையன் போனைத் தூக்கினான். இவர் குனிந்தபடியே வந்தார், யாருக்கும் திரை மறைக்கவில்லை.

“தம்பி, போனை உள்ள வைங்க. எடுத்ததை அழிச்சிருங்க, நான் நிக்கிறேன்.”

“ஸ்டேட்டஸ் வைக்கத்தாங்ணா.”

“அதுவும் ஆகாதுங்க தம்பி. ஒரு துண்டு வெளிய போனாலும் எங்களைத்தான் கேப்பாங்க.”

பையன் அழித்தான். அழித்தது போய்க் கிடக்கிற ஃபோல்டரையும் திறக்கச் சொல்லி, அங்கேயும் போய்விட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். சத்தம் போடவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

அந்த டார்ச்சுக்காரர் சொன்னது சும்மா மிரட்டலும் இல்லை. முழுப் படம்தான் என்றில்லை, அனுமதி இல்லாமல் நகல் எடுக்கும் எண்ணத்தோடு ஒரு பகுதியைப் பதிவு செய்ய முயன்றாலே அந்தச் சட்டத்தின் 6ஏஏ பிரிவில் வந்துவிடும். தியேட்டருக்கும் வினை உண்டு. டிஜிட்டல் சினிமாவுக்கு ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து வகுத்த டிசிஐ தரப்படி, ஓடுகிற படத்திலும் ஒலியிலும் கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத ஓர் அடையாளத்தை, அதாவது வாட்டர்மார்க்கை, படத்தை ஓட்டுகிற சர்வரே பதித்துக்கொண்டே போகும். மொத்தம் 35 பிட், அதாவது 35 பூஜ்யம்-ஒன்றுக் குறிகள். அதில் 16 பிட் எந்த நாள், எந்த நேரம் என்று கால் மணிக்கணக்கில் சொல்லும், மீதி 19 பிட் எந்த இடம், எந்தக் கருவி என்று சொல்லும். ஒவ்வொரு ஐந்து நிமிடத் துண்டுக்குள்ளும் இது முழுதாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் நெட்டில் திருட்டுப் பிரதி வந்தால் எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்று நூல் பிடித்து வந்துவிடலாம். 2018-ல் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம், இப்படிப் படம் பிடிக்கப்பட்டது என்று சொல்லிப் பத்துத் தியேட்டர்களுக்குப் புதுப்படம் தருவதில்லை என்று அறிவித்தது. புதுப்படம் இல்லாமல் ஒரு சின்ன ஊர்த் தியேட்டர் எத்தனை நாள் தாங்கும்?

ஆனால் இந்த வாட்டர்மார்க் எல்லாம் திருட்டு நடந்த பிறகு எங்கே நடந்தது என்று சொல்கிற சங்கதிதான். அது யார் கையையும் பிடித்து நிறுத்தாது, வலைக்குப் போன படத்தைத் திரும்பக் கொண்டு வராது. 2024-ல் மலையாளப் படம் ‘அஜயன்டே ரண்டாம் மோஷணம்’ ஓணத்தை ஒட்டி செப்டம்பர் 12-ஆம் தேதி வந்தது. அதைக் கோவைத் தியேட்டர் ஒன்றில் பிடித்து நெட்டில் விட்டவர்களை அக்டோபரில்தான் கொச்சி சைபர் போலீஸ் பெங்களூரில் வைத்துப் பிடித்தது. போலீஸ் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் படம் சம்பாதிக்க வேண்டிய முதல் வாரங்கள் அதற்குள் போயே போய்விட்டன. ஆகவேதான் அந்த சிவப்பு டார்ச்சுக்காரர் எனக்கு முக்கியமாகப் படுகிறார். நடக்கும்போதே தடுக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் எல்லைப் பக்கத்துக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. ‘லியோ’ வந்த 2023 அக்டோபர் 19 நினைவிருக்கும். இங்கே காலை 4 மணிக்கே காட்சி, தமிழ்நாட்டில் 9 மணிக்குத்தான். வேலந்தாவளம் வழியாகவும் கோபாலபுரம் வழியாகவும் கோவை, பொள்ளாச்சிப் பையன்கள் பைக்கில் வந்து குவிந்தார்கள். தமிழ்நாட்டில் முதல் ஆள் சீட்டில் உட்காருவதற்குள் இங்கே படம் முடிந்து ஒன்றிரண்டு மணி நேரம் ஆகிவிடும். அந்த இடைவெளியில் இங்கிருந்து ஒரு பிரதி கிளம்பினால் அது யாருடைய சோற்றில் மண் என்று சொல்ல வேண்டாம்.

குறை என்றால் எனக்கு இதுதான். மற்ற நாளில் இவ்வளவு கண்ணும் கருத்துமாக இருக்கிற இதே தியேட்டரில், அதிகாலைக் காட்சிக்கு நிலைமை கைமீறிவிடுகிறது. எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், காகிதம் பறக்கிறது, திரும்பிய பக்கமெல்லாம் போன். அந்த ஒரு ஆள் யாரிடம் என்று போவார்? வாசலிலேயே நெரிசலைச் சமாளிக்க அவரையும் இழுத்துக்கொண்டார்கள், இடைவேளைக்குப் பின் உள்ளே ஆளே இல்லை. முதலாளி அன்றைக்கு மட்டுமாவது ஒரு திரைக்கு மூன்று பேரைப் போட வேண்டும். டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்கிற நாள், செலவு ஒன்றும் பெரிதில்லை. கல்லூரிப் பையன்களைக் கூப்பிட்டால் படமும் பார்க்கலாம் என்று ஓடி வருவார்கள், ஆனால் அவர்கள் திரையைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்க்க இந்த அண்ணன் இரண்டு நாள் பழக்க வேண்டும்.

இன்னொன்று, திரை 1-ல் கடைசி இரண்டு வரிசை சாய்வு சீட்டுக்குப் போர்வை கொடுக்கிறார்கள். ஏசி குளிர் அப்படி. போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டால் முன்னால் நிற்கிறவருக்கும் ஒன்றும் தெரியாது. ஏசியை இரண்டு டிகிரி கூட்டினால் போர்வையே தேவைப்படாது, எங்கள் வீட்டுப் பெரியவர்களும் நிம்மதியாக உட்காருவார்கள்.

மற்றபடி: கட்டன் சாயா நன்றாக இருக்கிறது, பாத்ரூம் சுத்தம், பைக் நிறுத்த இடம் தாராளம், கார் என்றால் கொஞ்சம் முன்னதாகவே வர வேண்டும். திரை 2-ல் வசனம் சில நேரம் அமுங்கிக் கேட்கிறது, சொன்னால் உடனே ஆபரேட்டர் சரி செய்து தருகிறார். குடும்பத்தோடு போகிறவர்கள் முதல் நாள் அதிகாலைக் காட்சியை விட்டுவிட்டு மாலைக் காட்சிக்குப் போங்கள், நடு வரிசையில் புக் பண்ணுங்கள், குறுக்கே ஒரு போன் வெளிச்சம்கூட வராது.