படமில்லாத விக்கிப்பீடியா: 3 மாதம் பயன்படுத்திய பிறகு

விக்கிப்பீடியாவைப் படங்கள் இல்லாமல் படிக்கும் வேலையில் ஏன் இறங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் எட்டாம் வகுப்பு. ரபீஉல் அவ்வல் மாதத்தில் நபிகள் நாயகம் (ஸல்) வரலாற்றை எழுதி வரும்படி மதரஸாவில் சொல்லியிருந்தார்கள். இவள் நேராகப் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய், ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரையை அப்படியே எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். கடைப் பையன் தாராள மனசுக்காரன். முழுக் கட்டுரையும், அதுவும் கலரில். முப்பதுக்கு மேல் தாள். பணத்தைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது.

வாப்பா அதை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நடுவில் ஓர் இடத்தில் கை நின்றுவிட்டது. பழைய பாரசீக ஓவியம் ஒன்று. துணியைப் பிடித்த ஆட்கள், நடுவில் கறுப்புக் கல்லோடு ஒருவர். அவர் நாயகம் என்று கீழே பெயர் போட்டிருந்தது. நாயகத்தை உருவமாக வரைவதை எங்கள் வீட்டில் ஏற்பதில்லை. வாப்பா கத்தவில்லை. தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இத வரைஞ்ச ஆளு நம்ம நாயகத்தப் பாத்திருக்கானா?”

கதை என்னவோ வாப்பா வருஷா வருஷம் பேரப்பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லும் கதைதான். மக்காவின் கஅபா ஆலயத்தைத் திரும்பக் கட்டும்போது ஹஜருல் அஸ்வத் என்னும் கறுப்புக் கல்லை யார் தூக்கி வைப்பது என்று கோத்திரங்களுக்குள் சண்டை. 35 வயது முஹம்மது, ஒரு துணியை விரித்துக் கல்லை அதில் வைத்து, ஓரங்களை எல்லாக் கோத்திரத் தலைவர்களும் பிடித்துத் தூக்கச் செய்தார். பிறகு கல்லைத் தம் கையால் எடுத்து அதன் இடத்தில் வைத்தார். வாப்பா இதைச் சொல்லும்போது தன் தோள் துண்டையே விரித்துக் காட்டுவார். துண்டு இருக்கும், நான்கு மூலையில் நான்கு பிள்ளைகள் இருப்பார்கள். நடுவில் மட்டும் யாரும் நிற்க மாட்டார்கள். அந்த நடுவில் ஒரு முகம் வந்ததுதான் வாப்பாவின் கையை நிறுத்தியது.

சரி, மதிப்பீட்டுக்கு வருகிறேன்.

கட்டுரை பற்றி எனக்குக் குறையே இல்லை. கட்டுரையின் தலையில் இருப்பது முகம் அல்ல, மதீனாப் பள்ளிவாசல் வாயிலில் இருக்கும் பெயரின் எழுத்தணி, அதாவது அலங்கார எழுத்து. ஓவியங்கள் வருவது கீழே, உடல் பகுதியில். “படங்களை ஏன் நீக்க மாட்டீர்கள்” என்று கேட்பவர்களுக்கென்றே, உரையாடல் பக்கத்தோடு சேர்த்து ஒரு கேள்வி-பதில் பக்கம் வைத்திருக்கிறார்கள். பொறுமையாக எழுதப்பட்ட பக்கம். 2008இல் படங்களை நீக்கக் கோரி இணையத்தில் ஒரு மனு ஓடியது. அதை நியூயார்க் டைம்ஸ் செய்தியாக்கியபோதே 80,000 கையொப்பத்தைத் தாண்டியிருந்தது. விக்கிப்பீடியா அசையவில்லை. எந்த ஒரு சமயத்தின் விதிக்காகவும் உள்ளதை நீக்குவதில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. 2012இல் பங்களிப்பாளர்கள் பெரிய அளவில் கூடி மறுபடியும் விவாதித்தார்கள். படங்கள் அப்படியே இருந்தன.

நம் ஆட்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். “முஸ்லிம்கள் யாரும் வரைந்ததே இல்லை” என்று மேடையில் பேசுவது சரியல்ல. வாப்பா கவிழ்த்து வைத்த அந்த ஓவியம் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரானின் தப்ரீஸில் ரஷீதுத்தீன் என்ற வசீரின் (அமைச்சர்) ஏற்பாட்டில் எழுதப்பட்ட உலக வரலாற்றுச் சுவடியில் உள்ளது. அவரும் முஸ்லிம், ஆண்ட சுல்தானும் முஸ்லிம். சுவடியின் ஒரு பகுதி இன்று எடின்பரோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பிற்கால ஓவியர்கள் முகத்துக்குத் திரை போட்டு வரையத் தொடங்கினார்கள். 1595 வாக்கில் உஸ்மானிய அரண்மனையில் தயாரான நபி வரலாற்றுச் சுவடியிலும் அப்படித்தான். உருவம் வரைவதைக் கண்டிப்பவை ஹதீஸ்கள், அதாவது நபிமொழித் தொகுப்புகள். குர்ஆனில் நேரடியான தடை வசனம் கிடையாது.

ஆனால் அந்தச் சுவடியை அரண்மனையில் எத்தனை பேர் புரட்டியிருப்பார்கள்? பெட்டிக்குள் பூட்டி, கேட்டு வாங்கிப் பிரிக்கும் பொருள் அது. எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் கேட்காமலே கலரில் வந்து விழுகிறது. சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் தம்பி, “ராத்தா, வேண்டாதவங்க பாக்காம விட்டுட்டாப் போச்சு” என்றான். பார்த்த பிறகுதானேடா வேண்டாத படம் என்று தெரிகிறது?

அவன் சொன்னதற்காகவே எல்லா வழிகளையும் முயன்று பார்த்தேன். விக்கிப்பீடியாவே காட்டும் வழி, ஒரு கணக்கைத் தொடங்கி, அதில் நமக்கென்று உள்ள சிஎஸ்எஸ் பக்கத்தில் (பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் குறிமுறை) சில வரிகளை ஒட்டுவது. அந்தக் கட்டுரையின் படங்கள் மட்டும் மறையும், மற்றவை இருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். தம்பி மாதிரி ஆள் வீட்டில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. கணக்கில் நுழைந்திருந்தால்தான் மறையும் என்பதால் ஜெராக்ஸ் கடைக்கு உதவாது. உலாவியிலேயே ஒரு தளத்துக்கு மட்டும் படங்களை நிறுத்தி வைக்கலாம். அதுவும் நம் கணினியில் மட்டும்தான்.

கடைசியாக வந்து நின்றது கிவிக்ஸ். இலவசச் செயலி. விக்கிப்பீடியாவை மொத்தமாக ஒரு கோப்பாக இறக்கிவைத்து இணையம் இல்லாமல் படிக்கலாம். ஆங்கிலப் பதிப்பு படங்களோடு 100 ஜிபியைத் தாண்டும். படமில்லாத பதிப்பு என்று தனியாக ஒன்று இருக்கிறது, ஏறக்குறைய பாதி அளவு. பழைய மடிக்கணினியில் ராத்திரி இறக்கப் போட்டுத் தூங்கிவிட்டேன், காலையில் தயார். பென்டிரைவில் ஏற்றுவதாக இருந்தால் முதலில் அதை எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. தமிழ்ப் பதிப்பும் கிடைக்கிறது, அது சின்னது.

படமில்லாத பதிப்பு இடத்தை மிச்சம் பிடிக்கச் செய்தது, ஈமானைக் காக்க அல்ல. நாங்கள்தான் இந்தக் காரணத்துக்கு எடுத்துக்கொண்டோம். வாப்பாவுக்கு ரொம்பத் திருப்தி, பயமில்லாமல் உட்கார்ந்து படிக்கிறார். மகளுக்குத்தான் கஷ்டம். இதயத்தின் அறைகளைப் பற்றிப் படிக்கிறாள், வரைபடம் இல்லை. அல்ஹம்ப்ரா அரண்மனை பற்றிப் படிக்கிறாள், ஒரு தூண்கூட இல்லை. ஒரு முகத்தை மறைக்கப் போய் மதீனா வாயிலின் எழுத்தணியும் சேர்ந்து போய்விட்டது. “எல்லாரையும் ஏம்மா தண்டிக்கிறீங்க?” என்றாள். பதில் இல்லை.

நடுவில் ஒரு வழி வந்திருக்க வேண்டியது. 2011இல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் நிர்வாகக் குழு, வேண்டாத படத்தை வாசகரே மறைத்துக்கொள்ளும் வசதி செய்யலாம் என்று தீர்மானித்தது. கருத்துக் கேட்டதில் சுமார் 24,000 பேர் வாக்களித்தார்கள். ஜெர்மன் விக்கிப்பீடியர்கள் தங்களுக்குள் தனியாக வாக்கெடுத்து 86 விழுக்காடு எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு அறக்கட்டளை திட்டத்தைக் கைவிட்டது. எதிர்த்தவர்களின் வாதத்தைப் படிக்கும்வரை எனக்குக் கோபம் இருந்தது. எந்தப் படம் எந்த வகை என்று ஒரு பட்டியல் போட்டால், அதே பட்டியலை அரசாங்கமோ இணைய நிறுவனமோ எடுத்துக்கொண்டு மொத்தமாகத் தடுக்கலாம் என்கிறார்கள். நியாயம்தான். பட்டியல் போடுகிறவர் யார்? எங்கள் ஊரிலேயே நான்கு பேரை உட்கார வைத்தால் ஐந்து பட்டியல் வரும். ஆனால் பட்டியலே இல்லாமல், படத்தின் மூலையில் “மூடு” என்று ஒரு பொத்தான், வாசகர் விரும்பினால் அழுத்த. அதற்கு எதிராக யாரும் எனக்குத் திருப்தியான காரணம் சொல்லவில்லை.

நடைமுறையில் கொஞ்சம் வளைந்துகொடுக்க விக்கிப்பீடியர்களுக்குத் தெரியாமலும் இல்லை. பஹாய் சமயத்தார் தங்கள் சமயத்தை நிறுவிய பஹாவுல்லாவின் புகைப்படத்தைப் பொதுவில் காட்டுவதில்லை. 1868இல் துருக்கியின் எதிர்னேயில் எடுத்த அந்தப் படம் இஸ்ரேலின் ஹைஃபாவில் இருக்கிறது, யாத்திரை போகிறவர்கள் அங்கே மரியாதையோடு பார்க்கிறார்கள். விக்கிப்பீடியாக் கட்டுரையில் அந்தப் படம் தலையில் இல்லை, கீழே போட்டிருக்கிறார்கள். படத்தை நீக்கவும் இல்லை, படிக்க வருகிறவர் முகத்தில் அடிக்கவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் இறந்துபோன பழங்குடியினரின் படம் வரும் இடங்களில் நூலகங்களும் தொலைக்காட்சிகளும் முன்கூட்டியே அறிவிப்புப் போடுகின்றன. ஒரு வரிதான்.

எனக்கு இன்னொரு ஆசையும் உண்டு. நாயகத்தின் தோற்றத்தை உடனிருந்தவர்கள் சொல்லில் வடித்திருக்கிறார்கள்: உயரம், முடி, நடக்கும் விதம், எதிரே வருபவரை முழு உடலோடு திரும்பிப் பார்ப்பது. 17ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புல் எழுத்தணிக் கலைஞர் ஹாஃபிஸ் உஸ்மான் அந்த வருணனையை வட்டமும் சட்டமுமாக அமைத்து, சுவரில் மாட்டும் பலகையாக்கினார். ஹில்யே என்பார்கள். தப்ரீஸ் ஓவியம் இருக்கும் பக்கத்தில் அதையும் அதே அளவில் போட்டால், முஸ்லிம்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அது கூடுதல் சான்று.

மதிப்பெண் கேட்டால்: கட்டுரைக்கு 5க்கு 4½. மறைக்கும் வழிக்கு 2, அதுவும் தம்பி இருப்பதால். கிவிக்ஸின் படமில்லாத பதிப்பு, வாப்பா கணக்கில் 5, மகள் கணக்கில் 1.

அந்தத் தாள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. படம் இருப்பதால் வைத்துக்கொள்ள முடியவில்லை. நாயகத்தின் பெயர் அச்சாகியிருப்பதால் குப்பையில் போடவும் முடியாது. கிழிந்த குர்ஆன் தாள்களைச் சேர்த்து வைக்கும் துணிப்பையில் போடலாமா என்று வாப்பாவிடம் கேட்டேன். பள்ளிவாசல் அசரத்தை (இமாமை) கேட்டுச் சொல்கிறேன் என்றார். அசரத் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அதுவரை ரேஷன் கார்டு ஃபைலுக்குள், குப்புற.