பாறைக்கும் மழைக்கும் ஒரே ஷூவா? சலோமன், மெரெல், லா ஸ்போர்டிவா ஓர் அலசல்

மலையேற வாட்டர்ப்ரூஃப் ஷூ வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எந்த மலை, எந்த மாதம் என்றுதான் முதலில் கேட்பேன். ஜூலையில் வால்பாறைப் பக்கம் அட்டைக்கடியோடு நடப்பவருக்கும், மே மாதம் இமாசலத்தில் பனி மிதிப்பவருக்கும் ஒரே ஷூவைக் கைகாட்டினால் இருவரில் ஒருவர் நிச்சயம் திட்டுவார். 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்துவிட்டது முதல் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

ஓரளவு பணம் செலவழிக்கத் தயாராக இருப்பவர்களின் பட்டியலில் வழக்கமாக வந்து நிற்பவை சலோமன் எக்ஸ் அல்ட்ரா 4 ஜிடிஎக்ஸ், மெரெல் மோவாப் 3 ஜிடிஎக்ஸ் இரண்டும். பெயரில் உள்ள ஜிடிஎக்ஸ் என்றால் கோர்டெக்ஸ், அதாவது தண்ணீரை உள்ளே விடாத சவ்வு; இரண்டிலும் அது உண்டு. மூன்றாவதாக லா ஸ்போர்டிவா டிஎக்ஸ்4-ஐ நான் சேர்க்கிறேன், அதுவும் கோர்டெக்ஸ் இல்லாத வகையை. வாட்டர்ப்ரூஃப் கேட்டவரிடம் நனைகிற ஷூவைக் காட்டுகிறானே என்று நினைக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.

முதலில் அடிப்பாகம். பாறையில் ஒருவர் விழுந்தால் அதற்குப் பெரும்பாலும் ரப்பர்தான் காரணம்; சாக்ஸ் நனைந்து யாரும் விழுவதில்லை. மோவாபின் அடியில் விப்ரம் என்ற மஞ்சள் எண்கோண முத்திரை இருக்கும். டிஎக்ஸ்4-இன் அடியிலும் அதே முத்திரைதான். கடைக்காரர் “ரெண்டும் விப்ரம் சார், ஒண்ணுதான்” என்பார். ஒன்றில்லை. விப்ரம் பல கலவைகளில் ரப்பர் செய்கிறது. மோவாபில் வருவது டிசி5+, கொஞ்சம் கெட்டியானது, சீக்கிரம் தேயாது. டிஎக்ஸ்4-இல் இருப்பது மெகாக்ரிப். நகத்தால் அழுத்தினால் லேசாக உள்வாங்கும், ஈரப்பாறையில் ஒட்டி நிற்கும், தார்ச்சாலையில் நடந்தால் வேகமாகத் தேயும். சலோமன் தன் சொந்த ரப்பரான கான்டாக்ரிப்பைப் போடுகிறது. என் அனுபவத்தில் அது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஆனால் பாசி படிந்த ஓடைப்பாறையில் மூன்றுமே ஒன்றுதான், அங்கே எந்த ரப்பரையும் நம்பிக் காலை வைக்காதீர்கள்.

டிஎக்ஸ்4 பாறைக்கென்றே செய்தது. நுனியில் பெருவிரலுக்குக் கீழே பள்ளம் மேடு இல்லாமல் ரப்பர் தட்டையாக இருக்கும். கட்டைவிரல் அகலத்துக்குப் பாறையில் ஒரு விளிம்பு கிடைத்தால் போதும், அதில் நுனியை ஊன்றி எழும்பலாம். நாடா கிட்டத்தட்ட விரல் வரை இறங்குவதால் முன்பாதத்தை இறுக்கிக்கொள்ள முடியும். சுற்றிலும் ரப்பர்ப் பட்டை இருப்பதால் பாறை உரசி மேல்தோல் கிழிவது குறைவு. பர்வதமலையில் பாறையில் அடித்த கடப்பாறைகளைப் பிடித்து ஏறுகிற மாதிரி இடங்களில் இந்த நுனியின் அருமை தெரியும். குறை என்றால் சேறு. அடியிலுள்ள புள்ளிப் புள்ளியான குமிழ்கள் ஆழமில்லாதவை, களிமண் ஏறிவிட்டால் வழுக்கு மரம்தான்.

மோவாபின் பலம் சொகுசு. விரல் பகுதி அகலம், பெட்டியிலிருந்து எடுத்த அன்றே நாள் முழுக்க நடக்கலாம். நம்மூரில் செருப்பிலேயே வளர்ந்த அகலப் பாதங்களுக்கு இது பெரிய விஷயம். விளிம்பில் நின்றால் மட்டும் ஷூ மடங்கிக்கொடுக்கும். சலோமன் நேரெதிர்: ஒன்று 400 கிராமுக்குள் அடங்குகிற எடை, குதிகாலைக் கெட்டியாகப் பிடிக்கிற வார்ப்பு, உருளும் கற்களில் பக்கவாட்டு ஆட்டம் குறைவு. ஆனால் ஒடுக்கம். அதன் இழுத்துப் பூட்டும் மெல்லிய நாடாவும் எனக்குப் பிடிக்காது. வழியில் அறுந்தால் சாதாரண நாடாவைப் போல முடிச்சுப் போட்டுச் சமாளிக்க முடியாது.

இப்போது தண்ணீருக்கு வருவோம். கோர்டெக்ஸ் என்பது துணிக்கும் உள்புறத்துக்கும் இடையே ஒட்டிய மெல்லிய சவ்வு. பாப் கோர் 1969-இல் டெஃப்ளானை வெடுக்கென்று இழுத்து நீட்டிக் கண்டுபிடித்தது. தண்ணீர்த் துளியை விடாது, வியர்வை ஆவியை விடும். அந்த ஆவி வெளியேற உள்ளே சூடும் ஈரமும் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். இமயமலைக் குளிரில் இது அருமையாக நடக்கும். தென்மேற்குப் பருவத்தில் காற்றே ஊறிப்போயிருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆவி எங்கே போகும்? ஷூவுக்குள்ளேயே தங்கிவிடும்.

இன்னொன்று, மழைத்தண்ணீர் ஷூவைத் துளைத்துக்கொண்டு வருவதில்லை. முழங்காலிலிருந்து வழிந்து சாக்ஸ் வழியாக இறங்கும். கணுக்காலுக்கு மேல் ஓடும் ஒரு ஓடையைக் கடந்தாலும் கதை முடிந்தது. உள்ளே வந்த தண்ணீரையும் அந்தச் சவ்வு வெளியே விடாது. ஒவ்வோர் அடிக்கும் சளக் சளக் என்று நடக்க வேண்டியதுதான். கூடாரத்தில் இரவெல்லாம் செய்தித்தாள் திணித்து வைத்தாலும் காலையில் ஜில்லென்று இருக்கும். சவ்வு இல்லாத ஷூவும் நனையும், ஆனால் நடக்க நடக்கவே பாதி ஈரம் போய்விடும். தோலால் ஆன டிஎக்ஸ்4 இதில் நடுத்தரம். சீக்கிரம் காய வேண்டுமென்றால் வலைத்துணி ஷூதான். காய வைக்கிறேன் என்று நெருப்பருகே மட்டும் கொண்டுபோகாதீர்கள், பசை விட்டுவிடும்.

ஆக, டிசம்பர் முதல் கோடை வரை உத்தராகண்ட், இமாசலப் பனிப்பாதைகளுக்குப் போகிறவர்கள் கோர்டெக்ஸ் உள்ளதையே வாங்குங்கள், முடிந்தால் கணுக்காலை மூடும் உயரத்தில். ஒடுக்கப் பாதமென்றால் சலோமன், அகலமென்றால் மெரெல். ஜனவரி, பிப்ரவரியில் அகத்தியமலை போல வறண்ட பாறை ஏற்றங்கள்தான் பெரும்பாலும் என்றால் டிஎக்ஸ்4. மழைக்கால மேற்குத் தொடர்ச்சிக்கு ஆழமான குமிழுள்ள, சவ்வு இல்லாத வலைத்துணி ஷூவும் அட்டைக்கான காலுறையும் போதும். பட்ஜெட் இடித்தால் டெகாத்லான் கடையின் சொந்த பிராண்டான குவெச்சுவாவில் தொடங்கலாம். முதல் இரண்டு மூன்று மலைக்கே பெரிய விலை கொடுக்கத் தேவையில்லை. நமக்கு வழிகாட்டியாக வருபவர் அதே பாறையில் பிளாஸ்டிக் செருப்போடு விறுவிறுவென்று ஏறிப் போவதைப் பார்த்தால் இந்த ஆராய்ச்சி எல்லாமே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

கடைக்குச் சாயங்காலமாகப் போங்கள், பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். மலைக்குப் போடும் தடித்த சாக்ஸையே மாட்டிக்கொண்டு, சரிவுப் பலகையிலோ படிக்கட்டிலோ இறங்கிப் பாருங்கள். விரல் முன்னே போய் முட்டினால் அரை அளவு கூட்டுங்கள். தள்ளுபடியில் பழைய ஸ்டாக் கிடைக்கிறதென்றால் தயாரித்த மாதத்தைக் கேளுங்கள்: அடிப்பாகத்தில் பாலியூரித்தேன் என்ற நுரை போட்ட கனமான பூட்ஸ் சென்னை மாதிரி ஈரக்காற்றில் சில வருடம் பெட்டியில் கிடந்தாலே உள்ளுக்குள் உதிரத் தொடங்கிவிடும், பார்வைக்குப் புதுசாகவே இருக்கும்.